செப்டம்பரில் யால மூடியிருந்தால் யானை, சிறுத்தை எங்கே?

செப்டம்பரில் இலங்கை வருகிறீர்கள், யால தேசியப் பூங்கா மூடியிருக்குமாம், யானையும் சிறுத்தையும் பார்க்க வேறு இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். சரிதான், வறட்சியால் யாலவில் பலரும் சுற்றிப்பார்க்கும் முதலாம் வலயத்தை அந்த மாதத்தில் வழக்கமாக மூடுவார்கள். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

யானைக்கு அதுதான் பருவமே. மின்னேரியா தேசியப் பூங்காவிலுள்ள குளம் வற்ற வற்ற, நீர் விலகிய தரையில் இளம்புல் முளைக்கும். அதைத் தேடிச் சுற்றுக்காடுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் வரும். புல்லைக் காலால் எத்திப் பெயர்த்து, மண்ணை உதறிவிட்டுத் தின்பதை நிதானமாகப் பாருங்கள்.

ஒரு சிக்கல்: மொரகஹகந்த நீர்த்தேக்கத் தண்ணீர் வந்து, சில வருடங்களில் குளம் வற்றாமலே நிற்கிறது. அப்போது புல்லும் இல்லை, கூட்டமும் இல்லை. யானைகள் பக்கத்துப் பூங்காக்களான கவுடுல்லவிலோ ஹுருலுவிலோ நிற்கும். எனவே ஒரே பூங்காவுக்கு முன்பணம் கட்டாதீர்கள். அன்றைக்குப் பக்கத்து ஊரான ஹபரணையில் விசாரித்துவிட்டு ஜீப் பிடியுங்கள்.

சிறுத்தைக்கு வில்பத்து தேசியப் பூங்கா. யால அளவுக்கு ஜீப் நெரிசல் இல்லை. அங்குள்ள ‘வில்லு’ எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் கரையில் எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கும் ஓட்டுநர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. சிறுத்தை எங்கே என்று மற்ற ஓட்டுநர்களிடம் கேட்டுக் கேட்டுத் துரத்துபவர் வேண்டவே வேண்டாம்.

நாள் மிஞ்சினால் சிங்கராஜா மழைக்காடு. அட்டைக்கடிக்கு நீளக் காலுறை அவசியம்.