வேட்பாளரைப் பீடத்தில் ஏற்றலாமா?

கேள்வி: தேர்தல் காலத்தில் எங்கள் சபைக்கு ஒரு வேட்பாளர் வந்தார். ஆராதனையின் நடுவில் அவரைப் பீடத்துக்கு அழைத்து, "எங்கள் மீட்புக்குத் தேவன் எழுப்பிய தலைவர்" என்று சொல்லி மூப்பர் ஒருவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். மண்டபத்துக் கூரைக்குத் தகடு தருவதாக வேட்பாளர் வாக்களித்திருக்கிறார். இது சரியா என்று கேட்டதற்கு, "ரோமர் 13ஐ வாசியும்" என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்டது பிழையா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: நீங்கள் கேட்டதில் பிழையில்லை. அந்த ஜெபத்தில்தான் பிழை.

அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஐ அவர்களும் ஏழாம் வசனம்வரை வாசிக்கட்டும். அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு நாம் செலுத்த வேண்டியவற்றைப் பவுல் அங்கே வரிசைப்படுத்துகிறார்: வரி, தீர்வை, பயம், கனம். நம்பிக்கை அந்த வரிசையில் இல்லை. அந்த நிருபம் எழுதப்பட்ட நாளில் ரோமாபுரியில் இராயனாக, அதாவது பேரரசனாக, இருந்தவன் நீரோ. அவனுக்கு வரி செலுத்தச் சொன்ன பவுல், எந்தச் சபையிலும் அவனை மீட்பன் என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் தந்த உரிமையை அவர் தயங்காமல் பயன்படுத்தினார், தேசாதிபதி பெஸ்துவின் முன் நின்று இராயனுக்கு அபயமிட்டார், அதாவது மேல்முறையீடு செய்தார் (அப். 25:11). ஆகவே வாக்களியுங்கள், மனுக் கொடுங்கள், காணி விடுவிப்புக்காகப் பிரதிநிதியிடம் போய்க் கதையுங்கள். வேதம் இவற்றைத் தடுக்கவில்லை.

"கெட்ட தலைவரை நம்பினால்தானே ஆபத்து, இவர் நல்லவர்" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் 2 நாளாகமம் 14 முதல் 16 வரை ஒரே இருப்பில் வாசிக்க வேண்டும். நம்முடைய பிரசங்கங்களில், ஜனங்கள் தங்களுக்கு ராஜா வேண்டும் என்று கேட்ட 1 சாமுவேல் 8 அடிக்கடி வருகிறது. யூதாவின் ராஜாவாகிய ஆசா வருவதேயில்லை. ஆசா நல்லவன். விக்கிரகங்களை அகற்றியவன். எத்தியோப்பியனாகிய சேரா பத்துலட்சம் பேரோடும் முந்நூறு இரதங்களோடும் வந்தபோது கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு வென்றவன். அதே ஆசா, தன் ஆட்சியின் முப்பத்தாறாம் வருஷத்தில், இஸ்ரவேலின் ராஜாவாகிய பாஷா ராமா பட்டணத்தைக் கட்டி யூதாவுக்குப் போகும் வழியை அடைத்தபோது, ஆலயப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் எடுத்துச் சீரிய ராஜா பென்னாதாத்துக்கு அனுப்பினான்.

கவனியுங்கள், அந்தத் திட்டம் பலித்தது! பென்னாதாத் வடக்கே பட்டணங்களை முறியடித்தான், பாஷா வேலையைக் கைவிட்டான், ராமாவில் கிடந்த கல்லையும் மரத்தையும் கொண்டு ஆசா கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். தகடு வந்து இறங்கிவிட்டது என்று சொல்லுமளவுக்கு வெற்றி. அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் பார்க்க வேண்டும். நீ கர்த்தரைச் சார்ந்துகொள்ளவில்லை என்று ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி சொன்னான். அவனை ஆசா காவலறையில் அடைத்தான். அக்காலத்திலேயே ஜனங்களில் சிலரைக் கொடுமையாய் நடத்தினான். முப்பத்தொன்பதாம் வருஷத்தில் கால்களில் கடும் வியாதி வந்தபோதும் அவன் கர்த்தரைத் தேடவில்லை. முதலில் ஆலயப் பணம் போயிற்று, பிறகு தீர்க்கதரிசியின் வாய் அடைபட்டது, பிறகு எளியவர்கள் மேல் கை விழுந்தது. மனிதனை நம்புகிற சபை இறங்கும் படிகள் இவையே. கேள்வி கேட்ட உங்களுக்கு "வாசியும்" என்று கிடைத்த பதில் இரண்டாம் படி. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பின்னாளில் யூதாவை ஆண்ட ஆகாஸ் ராஜா இன்னும் ஒரு படி போனான் (2 இராஜாக்கள் 16). அசீரிய ராஜாவுக்குப் பணிந்த பின் தமஸ்குவில் கண்ட பலிபீடத்தின் மாதிரியை எருசலேமுக்கு அனுப்பினான்; அவன் திரும்பி வருமுன்பே ஆசாரியனாகிய உரியா அதைக் கட்டி முடித்திருந்தான். ஒரு சொல் மறுத்துப் பேசியதாக வேதத்தில் இல்லை. போதகர்மார் உரியாவை நினைத்துப் பயப்பட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இதற்குச் சான்று நம் காலடியில் கிடக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் இங்கே ஆட்சியைப் பிடித்தபின் அரச உத்தியோகம் வேண்டுமானால் அவர்களுடைய திருச்சபையின் ஞானஸ்நானம் வேண்டும் என்றாயிற்று. பெயர்கள் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறின. 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று, பெயருக்குச் சேர்ந்திருந்தவர்களும் போனார்கள். பின்னர் வந்த அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் கண்டது கூரையில்லாத ஆலயச் சுவர்களை. ஒல்லாந்தர் தடைசெய்திருந்த கத்தோலிக்கரோ, 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளாரோடு இரவில் ஒளித்துக் கூடி நிலைத்தார்கள். அரசு யாருக்குத் துணை நின்றது, யார் மிஞ்சினார்கள் என்று சபைக் குழுவில் இருந்து பேசுங்கள்.

இனி, செய்ய வேண்டியது. வேட்பாளர் வந்தால் மற்றவர்களோடு வாங்கில் இருந்து வசனம் கேட்கட்டும். வரவேற்புரை, மாலை, கைவைத்து ஜெபித்தல் எதுவும் வேண்டாம். 1 தீமோத்தேயு 2:1-2இன்படி அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் ஜெபியுங்கள். தேர்தல் காலத்தில் ஒருவர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். இந்த விதியைத் தேர்தல் அறிவிக்கப்படுமுன்பே குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். வேட்பாளர் வாசலில் நிற்கும்போது எழுதப் போனால் அது ஆளைப் பார்த்துச் செய்ததாகிவிடும், சபையும் இரண்டாகப் பிரியும்.

தகடு பொது நிதியிலிருந்து வருவதானால் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, வரும்போது ரசீது கொடுத்துக் கணக்கில் ஏற்றுங்கள். அது மக்களின் பணம். தனிமனிதர் பெயரில் கல்வெட்டு வைக்க வேண்டியதில்லை. அவருடைய சொந்தப் பணமானால், வாக்களிப்பு முடியும்வரை ஏற்க முடியாது என்று செயலாளர் கடிதம் எழுதட்டும். ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தால் கூரையில் ஏற்றாமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள். மழைக்கு முன் சபையார் சேர்ந்து வாங்கக்கூடிய அளவு தகட்டை வாங்கி, முதலில் ஒழுகும் பக்கத்தை மூடுங்கள்.