ஒரே வாணலியில் சாசேஜும் காய்கறியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வார நாள் இரவுச் சமையல் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சாசேஜைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வீடு வந்து சேரவே ஏழரை ஆகிவிடுகிறது. உருளை, காரட், கோஸ், குடைமிளகாய், வெங்காயம், சிக்கன் சாசேஜ் எல்லாவற்றையும் நறுக்கி வாணலியில் போட்டு வதக்குகிறேன். உருளை வேகவில்லை, குடைமிளகாய் குழைந்துவிட்டது, அடியில் தண்ணீர் நிற்கிறது. முறுகலே வருவதில்லை. எங்கே தவறு செய்கிறேன்? (அம்பத்தூர் வாசகி)

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டதுதான் காரணம். கோஸும் குடைமிளகாயும் சூடு பட்டவுடன் தண்ணீர் விடும். வாணலி நிரம்பி இருந்தால் அந்த நீர் ஆவியாக வழியில்லாமல் அடியிலேயே தங்கிவிடும். தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க அதைவிட நல்ல சூடு வேண்டும். அதனால் காய் வேகிறதே தவிர வதங்குவதில்லை.

குழிவான வாணலியை விட்டு, 28 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான பான் ஒன்றை எடுங்கள். மூன்று பேருக்கு 6 சாசேஜ், நடுத்தர உருளை 2, வெங்காயம் 1, காரட் 1, குடைமிளகாய் 1, ஒரு கைப்பிடி கோஸ் போதும். இதற்கு மேல் போட்டால் மறுபடியும் தண்ணீர்தான்.

முதலில் சாசேஜை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில், வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி அடுக்குங்கள். மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் கரண்டியே வேண்டாம். சிவந்ததும் தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். அது விட்ட கொழுப்பும் அடியில் ஒட்டிய பழுப்பும்தான் இனி காய்க்கு ருசி.

அதே பானில் உருளை. துண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் இரண்டு ஸ்பூன் தண்ணீரும் விட்டு ஆறு நிமிடம் மூடி வையுங்கள். மூடியைத் திறந்ததும் காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் இருக்கிறவரை தளதளவென்று கொதிக்கிற சத்தம் வரும். அது வற்றியதும் சடசடவென்று பொரிகிற சத்தமாக மாறும். அந்தச் சத்தம் கேட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் விட்டால் உருளையின் அடி பொன்னிறமாகிவிடும். கண்ணைவிடக் காதை நம்பி நான் செய்கிற வேலை இது ஒன்றுதான்.

பிறகு வெங்காயமும் மெல்லிசாக நறுக்கிய காரட்டும் மூன்று நிமிடம். கடைசியாகத் தீயைக் கூட்டி, குடைமிளகாயும் கோஸும் இரண்டு நிமிடம். சாசேஜைத் திரும்பப் போட்டு, மிளகுத்தூள் தூவி ஒரு புரட்டு, அடுப்பை அணைத்து எலுமிச்சை பிழியுங்கள். உருளை மூடிக்குள் வேகும்போதே மற்ற காய்களை நறுக்கிவிட்டால், மொத்தம் 25 நிமிடத்தில் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.

லண்டனில் படிக்கிறேன். இங்கே பச்சை பன்றி இறைச்சி சாசேஜ்தான் சுலபமாகக் கிடைக்கிறது. வெளியே கருகுகிறது, உள்ளே வேகாமல் இருக்கிறது. குத்திவிட்டால் சீக்கிரம் வேகுமா?

குத்தாதீர்கள். தோலுக்குள் இருக்கிற கொழுப்பும் சாறும்தான் இறைச்சியை மெத்தென்று வைத்திருக்கிறது. ஓட்டை போட்டால் அவை பானில் வழிந்து, உள்ளே வறட்டுச் சக்கைதான் மிஞ்சும். தோல் வெடிப்பதற்குக் காரணம் தீ அதிகம் என்பதே.

இந்தியாவில் பாக்கெட்டில் விற்கும் சாசேஜ் பெரும்பாலும் ஏற்கெனவே வெந்தது. நீங்கள் வாங்குவது பச்சை இறைச்சி. இரண்டையும் ஒரே மாதிரி சமைக்க முடியாது. எண்ணெய் தடவிய பானில் அடுக்கி, சிறு தீயில், நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, 20 நிமிடம் பொறுமையாக வேகவிடுங்கள். அவசரமான நாளில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு எட்டு நிமிடம் மூடி வேகவைத்து, தண்ணீர் வற்றியதும் அதே பானில் சிவக்க விடலாம். நறுக்குவதானால் வெந்த பிறகு நறுக்குங்கள்.

நிறத்தை வைத்து வெந்ததா என்று முடிவு செய்ய வேண்டாம். சமையல் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், மாணவர் பட்ஜெட்டிலும் அது வீண் செலவில்லை. பன்றி, மாட்டு இறைச்சி சாசேஜ் நடுவில் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74. பச்சை சாசேஜ் தொட்ட கை, கத்தி, பலகை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே காய் நறுக்குங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக எண்ணெயில் போடலாமா?

கூடாது. அவசரத்தில் ஒருமுறை அப்படிப் போட்டு, மேலிருந்த பனி எண்ணெயில் வெடித்து என் மணிக்கட்டில் கொப்புளம் வந்தது. காலையில் கிளம்பும்போதே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மறந்துவிட்டால், பாக்கெட்டோடு, தண்ணீர் புகாமல் கட்டிக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். ஈரத்தைத் துடைத்த பிறகு பானில் போடுங்கள்.

சிக்கன் சாசேஜ் எவ்வளவு வெந்தாலும் உள்ளே ரோஸ் நிறமாகவே இருக்கிறது. வேகவில்லையா? (கோவை)

பெரும்பாலும் வெந்ததுதான். பாக்கெட்டின் பின்பக்கம் ஐஎன்எஸ் 250 என்று இருக்கிறதா பாருங்கள். அது சோடியம் நைட்ரைட், இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்ப்பது. இறைச்சி வெந்த பிறகும் அந்த நிறம் மாறாமல் இருப்பது அதனால்தான்.

மூன்று வயது மகனுக்கு சாசேஜ் என்றால் உயிர். வட்டமாக நறுக்கித் தருகிறேன். சரிதானே?

வட்டமாக வேண்டவே வேண்டாம், அம்மா. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. வட்டத் துண்டு சின்னக் குழந்தையின் மூச்சுக்குழல் அளவிலேயே இருக்கும். வழுக்கி உள்ளே போனால் தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். முதலில் நீளவாக்கில் நான்காகக் கீறி, பிறகு பொடியாக நறுக்குங்கள். தோல் தடிமனாக இருந்தால் உரித்துவிடுங்கள். ஐந்து வயது வரை இப்படித்தான். சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஓடியபடி கூடாது.

உப்பையும் கவனியுங்கள். பாக்கெட்டில் சோடியம் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்றிருந்தால், அதை இரண்டரையால் பெருக்கினால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பையனுக்கு ஒரு சாசேஜில் பாதியும் நிறையக் காயும் போதும். காய்க்குத் தனியாக உப்புப் போடாமல் பாருங்கள்.

வாரத்தில் எத்தனை நாள் செய்யலாம்?

ஒரு நாள் என்பது என் கணக்கு. சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டு வந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. தினமும் என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்போதோ ஒரு நாள் சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் சுலபமாக இருக்கிறதே என்று வாரம் நான்கு நாள் செய்வதை நான் ஏற்கமாட்டேன். மற்ற நாட்களில் இதே முறையில் முட்டை, பனீர், எலும்பில்லாத கோழி என்று மாற்றுங்கள். வரிசையும் தீயும் அப்படியே பொருந்தும்.

வீட்டில் சொசேஜஸ் டெவில் செய்தால் கடையில் வாற மாதிரி வருகுதில்லை. சோஸ் எல்லாம் தண்ணியாப் போகுது. (யாழ்ப்பாணம்)

ஒரே சட்டியில் சாசேஜும் காயும் சேர்கிற சமையலில் எனக்கு மிகவும் பிடித்தது, காரமும் இனிப்புமான சோஸில் புரட்டி எடுக்கும் உங்கள் ஊர் டெவில்தான். கடைக்காரரின் அடுப்பு பெரிய தீ. வீட்டில் அந்தத் தீ இல்லாததால் அளவைக் குறைத்து, இரண்டு தடவையாகச் செய்ய வேண்டும்.

சாசேஜைச் சாய்வாக நறுக்கிப் பொரித்து எடுத்து வையுங்கள். பெரிய வெங்காயத்தையும் கறி மிளகாயையும் (காரம் குறைந்த நீள மிளகாய்) பெரிய துண்டுகளாக வெட்டுங்கள். வெங்காயத்தை இதழ் இதழாகப் பிரித்துவிட வேண்டும். தக்காளியின் விதையையும் நீரையும் எடுத்துவிடுங்கள், உங்கள் தண்ணீர்ப் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது. மூன்று மேசைக்கரண்டி தக்காளி சோஸ், ஒரு தேக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி இடித்த செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), அரைத் தேக்கரண்டி சீனி, கொஞ்சம் வினாகிரி (வினிகர்) ஆகியவற்றை முன்பே ஒரு கோப்பையில் கலந்து வைத்திருங்கள். சட்டி புகைய ஆரம்பிக்கும்போது வெங்காயமும் கறி மிளகாயும் ஒரு நிமிடம், பிறகு சாசேஜ், தக்காளி, கடைசி அரை நிமிடத்தில் அந்தக் கலவை. சோஸ் துண்டுகளில் பளபளவென்று ஒட்டியதும் இறக்கிவிடுங்கள். மூடி மட்டும் போடாதீர்கள்.