இல்லாத சென்ட்ரியோலுக்கு எதற்கு டானிக்?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டம். காங்கேயம் மாடு, தலைக்கன்று போட்டு எட்டு மாசம். நாலு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. பருவத்துக்கு வந்தால் காலையில் கத்த ஆரம்பிக்கும். ஊசி போடுபவர் மறுநாள் மத்தியானம்தான் வருவார். விந்து நன்றாக நீந்துகிறது என்று போனில் படம் காட்டினார். மருந்துக்கடையிலோ, "முட்டையில் சென்ட்ரியோல் பலவீனம்" என்று 1,450 ரூபாய்க்கு டானிக் தருகிறார்கள். வாங்கலாங்களா ஐயா?

பதில்: வாங்காதீங்க. சென்ட்ரியோல் என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு நுண்ணிய உறுப்பு. மாட்டின் கருமுட்டையில் அது கிடையவே கிடையாது. முட்டை உருவாகும்போதே அது மறைந்துவிடும். விந்தணுதான் தன் கழுத்தில் வைத்துக் கொண்டுவருகிறது. மும்மூன்று நுண்குழாய்களாக ஒன்பது கட்டு, வட்டமாக நிறுத்திய கூடை மாதிரி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,000-ல் ஒரு பங்கு. முட்டைக்குள் போனதும் அதைச் சுற்றி இழைகள் நட்சத்திரமாக விரியும். விந்தின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றையொன்று நெருங்குவது அந்த இழைகளால்தான். எலியில் சங்கதி வேறு. மாடு இதில் நம்மைப் போல. உங்கள் தென்னைக்கும் மஞ்சளுக்கும் சென்ட்ரியோல் இல்லை, அவை வளராமலா இருக்கின்றன? சும்மா இருங்கள், நாளைக்கு அதற்கும் ஒரு பாட்டில் வரும்.

நீந்துகிற படத்தையும் ரொம்ப நம்பாதீர்கள். வால் ஆட்டுவது ஒரு வேலை, உள்ளே போய் நட்சத்திரம் விரிப்பது வேறு வேலை. எல்லாக் காளையின் விந்தும் அதை ஒரே மாதிரி செய்வதில்லை. உறைந்த விந்து அடைத்த குச்சியில் காளை எண் அச்சடித்திருக்கும். நாலு தடவையும் ஒரே எண்ணா என்று கேளுங்கள்.

இனி நான் வருகிறவரிடமெல்லாம் சண்டை போடுகிற விஷயம். உறைவிந்துக் குச்சி நைட்ரஜன் கேனில் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கிறது. எடுத்தால் 37 டிகிரி தண்ணீரில் 30 நொடி, துடைத்து, உடனே போட வேண்டும். நான் பார்த்ததோ சட்டைப்பை, கக்கத்து இடுக்கு, தொட்டித் தண்ணீர்! ஒருவர் குச்சியைக் கேனுக்கு வெளியே தூக்கிப்பிடித்து எண்ணைப் படித்துவிட்டு, திரும்ப உள்ளே விட்டார். பாதி உருகி மறுபடி உறைந்த விந்தை மாட்டுக்குப் போடுவதும் ஒன்று, சாக்கடையில் ஊற்றுவதும் ஒன்று. கட்டுத்தரையில் ஒரு வெப்பமானியும் பிளாஸ்க்கில் சுடுதண்ணீரும் வையுங்கள். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது நேரத்தைப் பற்றி. காலையில் கத்தினால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. மறுநாள் மத்தியானம் என்றால் பெரும்பாலும் முட்டை காத்திருந்து ஓய்ந்திருக்கும். நம் நாட்டு மாட்டுக்குப் பருவம் சீக்கிரம் தணியும், ராத்திரியிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

நாலு ஊசி தவறியாச்சு; அஞ்சாவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் கர்ப்பப்பையைக் காட்டுங்கள். சுமார் 21 நாளில் திரும்பக் கத்தும்போது பின்புறம் வழியும் வழும்பு கண்ணாடி மாதிரி தொங்குகிறதா, நடுவில் தயிர்த்துளி மாதிரி வெள்ளை தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.