வேளச்சேரியில் நிற்கும் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு போதுமா?

வணக்கம் நண்பரே. 2018இல் வாங்கிய கார், சென்னையில் வெள்ளம் தேங்கும் வேளச்சேரியில் தரைத்தளத்தில் நிற்கிறது, இந்த முறை மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் துணியமாட்டேன். அது சட்டத்துக்குப் போதும். நீங்கள் இடித்தவருக்கு இழப்பீடு தரும். உங்கள் காருக்கு ஒரு ரூபாய்கூட வராது.

உங்கள் காரின் சேதத்தையும் சேர்த்து ஏற்கும் முழுக் காப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளத்தில் இருக்கையும் மின்கம்பிகளும் நனைந்து கெட்டால் தருவார்கள். தண்ணீரில் நிற்கும் வண்டியைக் கிளப்பப் பார்த்து எஞ்சினுக்குள் நீர் புகுந்துவிட்டால், பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். 2015 வெள்ளத்தில் அவசரப்பட்டுச் சாவியைத் திருகிய புத்திசாலிகளில் நானும் ஒருவன். ஆகவே ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். பழைய வண்டி என்று சில நிறுவனங்கள் மறுக்கும். நாலு இடத்தில் விசாரியுங்கள்.

பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் ஐடிவியை, அதாவது பாலிசியில் உங்கள் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பை, அடிமாட்டு விலைக்கு இறக்கினால் சம்மதிக்காதீர்கள். வண்டி திருடுபோனால் அந்தத் தொகையை ஒட்டித்தான் பணம் கைக்கு வரும்.

இன்னொன்று, 50 சதவீத நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். முழுக் காப்பீட்டில் உங்கள் காருக்கான பகுதியான சொந்தச் சேதக் காப்பீடு காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது பறிபோய்விடும்.