சார்லஸ் ட்ரூவின் மரணம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்து வீரராகவும் மருத்துவராகவும் திகழ்ந்த சார்லஸ் ட்ரூவைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவர் சாலை விபத்தில் இறந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இரத்த வங்கிக்கு வழிகாட்டியவருக்கே, கறுப்பர் என்பதால், வெள்ளையர் மருத்துவமனை இரத்தம் ஏற்ற மறுத்தது என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை ஏன் எழுதவில்லை?

எம்.

அன்புள்ள எம்.,

அது நடக்கவில்லை என்பதால் எழுதவில்லை. ஆனால் அப்படியொரு கதை உலவுவதையாவது குறிப்பிட்டிருக்க வேண்டும். 1950 ஏப்ரல் 1 அன்று, அலபாமாவின் டஸ்கீகியில் ஆண்டுதோறும் நடக்கும் இலவச மருத்துவ முகாமுக்குச் சக மருத்துவர்கள் மூவருடன் இரவு முழுவதும் பயணம் செய்த ட்ரூ, விடிந்தபின் வட கரோலினாவில் காரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிட்டார். கார் உருண்டது. பர்லிங்டன் என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் வெள்ளையின மருத்துவர்கள் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தார்கள் என்று, உடன் பயணம் செய்த கறுப்பின மருத்துவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பட்ட காயங்கள் பிழைக்கக்கூடியவையாக இல்லை.

ஆனால் கதை வெறும் கற்பனையுமல்ல. அதே ஆண்டு டிசம்பரில் அதே வட்டாரத்தில் விபத்தில் சிக்கிய ஒரு கறுப்பின இளைஞர், உலகப்போரில் பணியாற்றியவர், பர்லிங்டனிலிருந்து பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். கறுப்பருக்கென ஒதுக்கிய படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று அங்கே திருப்பி அனுப்பப்பட்டு, சிறிது நேரத்தில் இறந்தார். அவருடைய சாவு ஊர்ப்பேச்சில் ட்ரூவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது போலும்.

ட்ரூ சந்தித்த மறுப்புகள் வேறு. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் அவருக்குக் கால்பந்து கற்பித்தவர், தாம் பயிற்றுவித்தவர்களில் அவரே சிறந்தவர் என்று பிற்காலத்தில் எழுதினார். அத்தகையவரை, பெரும்பாலும் கறுப்பின மாணவர்களே பயின்ற ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி, ஆங்கிலப் பாடத்தில் போதிய மதிப்பலகுகள் இல்லை என்று சேர்க்க மறுத்தது! பால்டிமோரின் மோர்கன் கல்லூரியில் இரண்டாண்டு விளையாட்டுப் பயிற்சியாளராக இருந்து பணம் சேர்த்த பிறகே, 1928இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவரால் மருத்துவம் படிக்க முடிந்தது.

1940இல் பிரிட்டனுக்குப் பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) அனுப்பும் திட்டத்தை அவர் நடத்தினார். மறு ஆண்டின் இறுதியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பரின் இரத்தத்தைப் பெறவே மாட்டோம் என்றது. 1942இல் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தும், அதைத் தனியே பிரித்து வைத்தது. அதற்கு அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை என்று ட்ரூ வெளிப்படையாகவே கண்டித்தார். அதை எதிர்த்துத்தான் அவர் பதவி விலகினார் என்ற கதையும் உண்டு. உண்மையில் அறிவிப்புக்கு முன்பே அவர் ஹோவர்டுக்குத் திரும்பியிருந்தார், முன்பு தம்மைச் சேர்க்காத அதே பள்ளிக்கு, ஆசிரியராக.

அங்கேதான் மோர்கன் கல்லூரியின் அந்தப் பழைய பயிற்சியாளரை ட்ரூவிடம் மீண்டும் பார்க்கிறேன். அவரிடம் அறுவை சிகிச்சை பயின்ற முதல் அணியினர் 1948இல் சான்றிதழ்த் தேர்வு எழுதி, முதல் இரண்டு இடங்களையும் பிடித்தார்கள்.