ஹேண்டில்பாரைத் திருப்பினால் இன்ஜின் உறுமுகிறதா? ஐடிலிங் திருகைத் தொடாதீர்கள்

உங்கள் 125 சிசி கார்புரேட்டர் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தால் இன்ஜின் வேகம் தானாக ஏறுகிறது, நானே சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஐடிலிங்கை, அதாவது முறுக்காதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை, குறைத்து இந்தச் சத்தத்தை அடக்கப் பார்க்காதீர்கள். பட்டறைகளில் அவசரத்துக்கு அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்பதுதான் நோய். அது அப்படியே இருந்தால், நெரிசலில் வண்டியை வளைக்கும்போது நீங்கள் முறுக்காமலே வண்டி முன்னே பாயும்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கிக் கையை எடுங்கள். ஹேண்டில்பார் நேராக, இடக்கோடியில், வலக்கோடியில் என மூன்று நிலையிலும் அது சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கைப்பிடி ரப்பர் சுவிட்ச் பெட்டியில் உரசுகிறதா என்று பாருங்கள். புது ரப்பர் மாட்டிய வண்டிகளில் இது சகஜம்.

அடுத்து, இருக்கையையும் டேங்க்கையும் கழற்றி, கேபிள் போகும் வழியைப் பாருங்கள். முன்பு யாராவது டேங்க்கைக் கழற்றி மாட்டியிருந்தால், கேபிள் அதனடியில் நசுங்கியிருக்கலாம். ஒயர்களோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டும் இருக்கலாம். வழி தவறியிருந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் நிற்காது.

இனி தளர்வு. கைப்பிடியின் உள்விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு மெல்ல முறுக்குங்கள். கேபிள் இறுகும்வரை கோடு சும்மா நகரும் தூரம் பெரும்பாலான வண்டிகளில் 2 முதல் 6 மி.மீ. இருக்க வேண்டும், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். உங்கள் வண்டியில் தளர்வே இல்லாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். கைப்பிடிக்கு அருகே கேபிள் மேல் இருக்கும் ரப்பர் உறையை நகர்த்தினால் அட்ஜஸ்டர் தெரியும். அதை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை உள்ளே திருகினால் தளர்வு கூடும். வெளியே திருகினால் குறையும். கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். இங்கே இடம் போதாவிட்டால்தான் கார்புரேட்டர் பக்க அட்ஜஸ்டருக்குப் போக வேண்டும். முடிந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள்.

கேபிளின் மேல்முனையில், உருண்டையான குமிழ் பதிந்திருக்கும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம். அந்த இழை உறைக்குள் சிக்கினால் ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். ஓடும்போது அப்படி நேர்ந்தால் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணையுங்கள். சாவியால் அணைப்பதென்றால் ஹேண்டில் பூட்டும் நிலைவரை திருப்பக் கூடாது.

கடைசியாக, டேங்க்கும் இருக்கையும் மாட்டிய பிறகு, வெட்டவெளியில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் துளியும் மாறாவிட்டால் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். மாறினால் மறுபடி டேங்க்கைத் தூக்குங்கள், கேபிள் எங்கோ பிடிபடுகிறது.