பெரிய போர்க்கப்பல்கள் இருக்கும்போது இந்தியக் கடற்படைக்குக் கார் நிக்கோபார் வகை ரோந்துப் படகுகள் எதற்கு?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கடற்படைக்காரன் இல்லை. மீன்பிடி விசைப்படகுகளின் டீசல் இன்ஜினோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுபவன். அதனால் இந்தப் படகை எல்லோரும் பீரங்கி இருக்கும் முன்பக்கத்திலிருந்து பார்த்தால், என் கண் நேராகப் பின்பக்கத்துக்குத்தான் போகும்.

விஷயமும் அங்கேதான் இருக்கிறது. கார் நிக்கோபார் வகைக்கு ப்ரொப்பெல்லர் கிடையாது. எம்டியு கம்பெனியின் மூன்று டீசல் இன்ஜின், மூன்று வாட்டர் ஜெட். படகின் அடிவயிற்றில் உள்ள திறப்பு வழியாகத் தண்ணீரை இழுத்து, பம்ப் அதைப் பின்னால் பீய்ச்சி அடிக்கும். தனியாகச் சுக்கான் வேண்டாம். பீய்ச்சும் வாயையே இடமும் வலமும் திருப்பினால் படகு திரும்பும். நிறுத்த வேண்டுமா, அந்த வாய்க்கு எதிரே வாளி மாதிரி ஒரு மூடி இறங்கும். தண்ணீர் முன்பக்கமாகத் திருப்பி விடப்படும், வேகம் சட்டென்று விழும். இன்ஜின் பாட்டுக்கு அதே திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்டால், ப்ரொப்பெல்லரில் சிக்கிய வலையை அறுத்துப் பார்த்தவனுக்குத்தான் முழுசாகப் புரியும். நைலான் வலை ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டில், அதாவது ஷாப்டில், சுற்றிக்கொண்டால் சும்மா சுற்றி நிற்காது. உரசும் சூட்டில் உருகி, கல் மாதிரி கட்டியாகிவிடும். கத்தி இறங்காது. ஹாக்சா பிளேடை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கி அறுக்க வேண்டும். சில சமயம் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஷாப்ட் சீலும் சேர்ந்து போய்விடும். நம் கரையோரக் கடலில் ராத்திரி எங்கே வலை விரித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் வேகமாகப் பாய வேண்டிய படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ப்ரொப்பெல்லர் பெரிய தொல்லை. ஜெட் இருந்தால் ஆழம் குறைந்த இடத்துக்குள்ளும் போகலாம். ஆனால் ஜெட்டுக்கும் ஜென்ம சனி உண்டு: பிளாஸ்டிக் சாக்கு, கிழிந்த வலைத்துண்டு. உறிஞ்சும் வாயில் ஒட்டிக்கொண்டால் இழுவை போய்விடும். மெதுவாகப் போகும்போது டீசலையும் அதிகம் குடிக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். நீளம் சுமார் 49 மீட்டர், எடை முந்நூற்றுச் சொச்சம் டன், உச்ச வேகம் 35 நாட் அளவு, அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர். முன்னால் 30 மில்லிமீட்டர் துப்பாக்கி. நம் ராணுவத்தின் பிஎம்பி கவச வண்டியில் இருப்பதன் கடற்படை வடிவம்தான். கப்பலைத் தாக்கும் ஏவுகணை கிடையாது. ஷிவாலிக் மாதிரி 6000 டன் போர்க்கப்பலோடு இதை ஒப்பிடுவது லாரியையும் பைக்கையும் ஒப்பிடுவது போல. சந்துக்குள் திருடனைத் துரத்த லாரியை யாரும் எடுப்பதில்லை.

இந்தப் பத்துப் படகுகளும் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்தவை என்று பலர் எழுதுகிறார்கள். வந்தது பிறகுதான், ஆனால் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்துக்கு ஆர்டர் போனது 2006-லேயே. முதல் இரண்டும், கார் நிக்கோபாரும் செட்லட்டும், 2009 பிப்ரவரியில் சென்னையில் கடற்படையில் சேர்ந்தன. 2011-க்குள் பத்தும் வந்துவிட்டன. எல்லாம் தீவுப் பெயர்கள். கோஸ்வாரி என்ற பெயரைப் பார்த்தால் எனக்குத் தூத்துக்குடி பக்கத்துக் காசுவார் தீவுதான் ஞாபகத்துக்கு வரும்.

கரையோரத்துக்குத்தான் லாயக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2011 ஜனவரியில் லட்சத்தீவுப் பக்கம், சோமாலியக் கொள்ளையர்கள் சின்னப் படகுகளை அனுப்பித் தாக்கும் தாய்க்கப்பலாக வைத்திருந்த பிராந்தலே-14 என்ற மீன்பிடிக் கப்பலை மடக்கியது இந்த வகையைச் சேர்ந்த கன்கர்ஸோ. 15 கொள்ளையர்கள் பிடிபட்டார்கள், பணயமாக இருந்த 20 பேர் மீட்கப்பட்டார்கள். மார்ச்சில் கொள்ளையர்களிடம் இருந்த வேகா-5 என்ற கப்பல். அதில் இதே வகையின் கல்பேனி போய்ப் பிடித்தது 61 பேரை! படகில் இருக்கும் மாலுமிகளே நாற்பது பேர் அளவுதான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் 2008-ல் மும்பையைத் தாக்கப் பத்துப் பேர் வந்த குபேர் என்ற படகு என்ன வேகத்தில் வந்தது? சாதாரண மீன்பிடி விசைப்படகின் வேகத்தில்தான். குஜராத் பக்கம் கடத்தப்பட்ட நம்மூர் படகு, நம்மூர் படகுகளுக்கு நடுவில். 35 நாட் ஓடினாலும், எதைத் துரத்துவது என்று தெரியாவிட்டால் என்ன பிரயோஜனம்? என்னைக் கேட்டால், இந்த ரோந்துப் படகில் பாதி வேலையை முடிப்பது இன்ஜினோ துப்பாக்கியோ இல்லை, பைனாகுலரும் பதிவு எண்ணும்தான். அதற்குத்தான் அப்புறம் மீனவர்களுக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை, படகுகளுக்கு மாநிலத்துக்கு ஒரு வண்ணம் என்று வரிசையாக வந்தது. அந்தச் சமயத்தில் யார்டில் என்னிடம் இன்ஜின் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றிப் பேசியதைவிட, பெயிண்ட் டப்பாவுக்கு யார் காசு கொடுப்பது என்று பேசியதுதான் அதிகம்.